உண்டியலுக்குச் சொன்ன பழமொழி

(மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட மக்களிடம் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய டத்தோ அவர்களே, ஆலயத் தலைவர் அவர்களே, மழையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தோட்ட மேலாளர் அவர்களே, மண்டபம் தந்த தலைமையாசிரியர் அவர்களே, நாற்காலி அடுக்கிய தம்பிகளே, மகளிர் பிரிவுச் சகோதரிகளே, வணக்கம்.

சிறுதுளி பெருவெள்ளம் என்பார்கள். உண்டியலுக்குச் சொன்னதை இன்று பிரசவ அறைக்குச் சொல்கிறேன்.

தாயையும் சிசுவையும் பறிகொடுக்க வைப்பவை மூன்று தாமதங்கள்: வீட்டில், வழியில், மருத்துவமனையில்.

வீட்டில்: 28 வாரமானதும் தினமும் காலை 9 மணி முதல் பிள்ளை அசைவை எண்ணுங்கள். இரவு 9 மணிக்குள் பத்து வரவில்லையா, அன்றே புறப்படுங்கள். “பிள்ளை தூங்குது” என்று யார் சொன்னாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். விடாத தலைவலி, கண் மங்கல், இரத்த அழுத்தம் 140/90 என்றாலும் அதேதான்.

வழித் தாமதம் பெரிய கதை. டத்தோ கடிகாரம் பார்க்கிறார், விட்டுவிடுகிறேன்.

மருத்துவமனையில்: பிள்ளை பிறந்ததும் தாதி மிஸ்ஸி தாயின் தொடையில் ஆக்ஸிடோசின் 10 யூனிட் போடுவது கருப்பை சுருங்கத்தான். சுருங்காவிட்டால், நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் திறந்தே கிடக்கும். நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் ஓடுகிறது. துணியில் ஊறியது கண்ணுக்குக் கொஞ்சமாகவே தெரியும். அதனால்தான் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு வந்தது. 500 மில்லி தாண்டினால் ஆபத்து. சிறுதுளி பெருவெள்ளம்!

லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் என்றொரு பிரசவ மருத்துவர். பெற்றவள் கண்ணெதிரே இரத்தம் வடிந்து சாவதைப் பொறுக்காமல், இன்னொருவர் இரத்தத்தை ஏற்றினால் என்ன என்று யோசித்தார். பைத்தியம் என்றிருப்பார்கள்! 1829இல் வெளியான அவர் குறிப்பில், சாகக் கிடந்த ஒருத்திக்கு ஊசிக்குழாயால் எட்டு அவுன்ஸ் ஏற்றினார்கள். எட்டு அவுன்ஸ் எவ்வளவு? நம் கடைத் தே தாரே தேநீர் ஒரு கிளாஸ்! ஏற்றி முடிக்க மூன்று மணி நேரம். பிழைத்துக்கொண்டாள். இரத்த வகை என்ற ஒன்று இருப்பதே 1901 வரை உலகுக்குத் தெரியாது, அவளுக்கு அதிர்ஷ்டம்.

இன்று வகை தெரியும், பை தெரியும். பைக்குள் இரத்தம்? சிவப்பணு ஐந்தாறு வாரம்தான் தாங்கும். தைப்பூசத்தில் கொடுத்தது சித்திரைப் புத்தாண்டுப் பிரசவத்துக்கு ஆகாது. வருடம் ஒரு முகாம், ஒரு பேனர், ஒரு புகைப்படம் போதாது ஐயா! லயத்துக்கு, அதாவது தோட்ட வரிசை வீடுகளுக்கு, பத்துப் பேர், மாதம் மாறி மாறி இரத்தம் கொடுக்க வேண்டும். சிறுதுளி பெருவெள்ளம்.

வாசல் மேசையில் நோட்டு இருக்கிறது. 45 கிலோவுக்குக் குறையாதவர்கள் பெயர் எழுதுங்கள். கொடுக்கும் நாளில் பசியாறிவிட்டு வாருங்கள். வெறும் வயிறென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.