குண்டுச் சத்தம் கேட்காத போர்ப் படங்கள்

[திரை கறுப்பு. தகரக் கூரைமேல் மழை விழும் சத்தம். மூன்று விநாடி.]

1920-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரில் ஒரு சின்ன கிராமம். கொட்டுகிற மழையில் ரயிலைவிட்டு ஒருவன் இறங்குகிறான். வயது இருபத்தைந்து சொச்சம்தான் இருக்கும், முகத்தைப் பார்த்தால் நாற்பது சொல்லலாம். ஊர்க்காரர்கள் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வாயைத் திறப்பான். முதல் எழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொள்ளும். கன்னம் ஒருபக்கமாக வெட்டி இழுக்கும். கேட்டவர் என்ன செய்வதென்று தெரியாமல் வேறு பக்கம் பார்ப்பார்.

அவ்வளவுதான். அவன் எங்கிருந்து வருகிறான் என்று 1920-இல் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

[தலைப்பு அட்டை]

வணக்கம். போர்ப் படம் என்றால் நமக்கு டாங்கி, துப்பாக்கி, கடைசியில் கொடி. இன்றைக்குப் பார்க்கப்போவது அதெல்லாம் முடிந்தபின் தொடங்கும் படங்கள். இவற்றை ‘மெதுவான படம்’ என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் ஒதுக்கியவன்தான். ஆனால் இந்தப் படங்களின் அமைதிக்கு ஒரு மருத்துவக் காரணம் இருக்கிறது. போரிலிருந்து திரும்பிய ஆயிரக்கணக்கானவர்களுக்கு உண்மையிலேயே பேச்சு வரவில்லை.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். படத்தின் காட்சிகளை இங்கே போட முடியாது, போட்டால் வீடியோவையே தூக்கிவிடுவார்கள். அதனால் வாயால்தான் சொல்லப்போகிறேன்.

[வரைபடம்: பிரான்ஸ், பெல்ஜியம். மேற்குப் போர்முனை ஒரு கோடாக.]

முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டு விழுந்த இடத்திலிருந்து, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல், ஆனால் நடுங்கிக்கொண்டும், கண் தெரியாமலும், பேச்சு நின்றுபோயும் சிப்பாய்கள் வந்தார்கள். சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915-இல் லான்செட் மருத்துவ இதழில் இதைப்பற்றி எழுதியபோது ‘ஷெல் ஷாக்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். குண்டு வெடித்த அதிர்ச்சி மூளையைக் குலுக்கிவிட்டது என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தார்கள். அப்புறம் பார்த்தால், குண்டு பக்கத்திலேயே விழாத ஆட்களுக்கும் இதே தொல்லை. போர் முடிவதற்குள் பிரிட்டிஷ் ராணுவத்தில் மட்டும் சுமார் 80,000 பேர் இதற்காகச் சிகிச்சைக்கு வந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

எல்லாரையும் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அவர்களுடைய ராணுவமே சுட்டுக் கொன்றது. அவர்களுக்கு மன்னிப்புக் கிடைத்தது 2006-இல்.

[படம்: எடின்பரோவில் உள்ள ஒரு பெரிய கல் கட்டடம்]

இந்தக் கட்டடத்தின் பெயர் கிரெய்க்லாக்கார்ட். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருக்கிறது. முன்பு நீர்ச் சிகிச்சைக்கு வசதி படைத்தவர்கள் வந்து தங்கும் விடுதி. 1916-இல் இதை மனம் குலைந்த ராணுவ அதிகாரிகளுக்கான மருத்துவமனையாக்கினார்கள். அதிகாரிகளுக்கு மட்டும், அதைக் கவனியுங்கள். கவிஞர் சீக்ஃபிரீட் சசூன், கவிஞர் வில்ஃபிரட் ஓவன் இருவரும் 1917-இல் இங்கேதான் சந்தித்துக்கொண்டார்கள். பாட் பார்க்கர் இதை நாவலாக எழுதினார். அதை 1997-இல் ‘ரீஜெனரேஷன்’ என்று கில்லீஸ் மெக்கின்னன் படமாக்கினார்.

படத்தின் நடுநாயகம் மருத்துவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். நிஜ மனிதர், ஜோனதன் பிரைஸ் நடித்திருக்கிறார். இவருக்கு நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. போருக்கு முன்னால், 1901-02-இல், இதே ரிவர்ஸ் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு சில மாதங்கள் இருந்தவர். மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் யாருக்கு என்ன முறை, எந்த எருமை மந்தை யாருடையது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு எழுதினார். 1906-இல் வந்த ‘தி டோடாஸ்’ என்ற தடித்த புத்தகம் அதுதான். பொறுமையாகக் கேட்பதைத் தொழிலாக வைத்திருந்த ஒருவரிடம் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துப் பேச முடியாத ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அவருக்கே திக்குவாய் என்பது இன்னொரு விஷயம்.

ரிவர்ஸ் ஒன்றைக் கவனித்தார். பேச்சே நின்றுபோவது பெரும்பாலும் சாதாரணச் சிப்பாய்களுக்கு. அதிகாரிகளுக்குப் பேச்சு நிற்பதில்லை, திக்குகிறது. சிப்பாய் எதிர்த்துப் பேசினால் தண்டனை, அதனால் உடம்பே வாயை அடைத்துவிடுகிறது. அதிகாரியோ ஆணை கொடுத்தாக வேண்டும், வாயை மூடவும் முடியாது, மனசு ஒப்பிப் பேசவும் முடியாது. நோயில்கூடப் படிநிலை.

இது தெரிந்தால் படத்தில் பில்லி பிரையர் என்ற பாத்திரம் வேறு மாதிரித் தெரியும். ஜானி லீ மில்லர் நடித்த இந்த ஆள் அதிகாரி. ஆனால் மருத்துவமனைக்கு வரும்போது பேச்சே இல்லை, கேட்டதற்கெல்லாம் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறான். ஏன் திக்கவில்லை, ஏன் ஊமையானான்? அவன் உழைக்கும் வீட்டுப் பையன், படித்துத் தோளில் பட்டை வாங்கியவன். உடம்பு அவனை இன்னும் சிப்பாய்க் கணக்கில்தான் வைத்திருக்கிறது. படம் இதை அடிக்கோடு போட்டுச் சொல்வதில்லை. நான் கண்டுபிடித்ததும் இல்லை, ரிவர்ஸைப் பற்றிப் படித்தபிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

அவன் மறந்துபோன காட்சி பிறகு வருகிறது. பதுங்குகுழியில் குண்டு விழுந்த இடத்தைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறான். மண்ணில் உருண்டையாக ஏதோ கிடக்கிறது. எடுக்கிறான். உள்ளங்கையில் ஒரு மனிதக் கண். அதற்கப்புறம் அவனுக்குப் பேச்சு வரவில்லை. இவ்வளவு கொடுமையான காட்சிக்கு வெடிச் சத்தமோ அலறலோ தேவைப்படவில்லை.

ரிவர்ஸின் சிகிச்சை, பேசவிட்டுப் பொறுமையாகக் கேட்பது. இதற்கு நேரெதிர் சிகிச்சையும் இருந்தது. லண்டன் குயீன் ஸ்குவேர் மருத்துவமனையில் லூயிஸ் யெல்லண்ட் என்ற மருத்துவர், பேச்சு நின்றுபோன சிப்பாயை அறையில் வைத்துப் பூட்டித் தொண்டையில் மின்சாரம் வைப்பார். பேசினால்தான் வெளியே போகலாம். இதை அவரே 1918-இல் புத்தகமாகப் பெருமையோடு எழுதியிருக்கிறார். படத்தில் ரிவர்ஸ் பக்கத்தில் நின்று இதைப் பார்க்கிறார். சிப்பாய்க்குப் பேச்சு வருகிறது, வெற்றிதான். ரிவர்ஸ் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஏனென்றால் அவருடைய மென்மையான சிகிச்சையும் முடியும் இடம் ஒன்றே: குணமானவனை மறுபடி போர்முனைக்கு அனுப்புவது. ஓவன் அப்படித்தான் போனார். 1918 நவம்பர் 4-ஆம் தேதி செத்துப்போனார். போர் முடிய ஒரு வாரம் இருந்தது.

[இடைவெளி. பியானோவில் இரண்டு விரல் வாசிப்பு.]

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டே, 1946-இல், வில்லியம் வைலர் ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ எடுத்தார். மூன்று பேர் ஊர் திரும்புகிறார்கள். அதில் ஹோமர் என்ற கடற்படைப் பையனுக்கு இரண்டு கையும் இல்லை, இரும்புக் கொக்கிகள்தான். நடித்த ஹெரால்ட் ரசலுக்கு நிஜத்திலேயே கை இல்லை. 1944-இல் ராணுவப் பயிற்சியில் வெடிமருந்து கையிலேயே வெடித்துவிட்டது. அந்த ஒரே வேடத்துக்கு அவருக்கு இரண்டு ஆஸ்கர் கொடுத்தார்கள்.

ஒரு காட்சி. பாரில் ஹோமர் அந்தக் கொக்கிகளால் பியானோ வாசிக்கிறான், பக்கத்தில் இசையமைப்பாளர் ஹோகி கார்மைக்கேல். நாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் சட்டகத்தின் தூரத்து மூலையில், வாசலை ஒட்டி ஒரு தொலைபேசிக் கூண்டு இருக்கிறது. அதற்குள் இன்னொரு வீரன், தான் விரும்பும் பெண்ணிடம் இனிமேல் பார்க்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒரு சொல்கூட நமக்குக் கேட்காது. முன்னால் கலகலப்பான பியானோ, பின்னால் நகத்தளவு ஒரு மனிதன், ஒரே ஷாட்டில். வேறு இயக்குநராக இருந்தால் குளோசப் போட்டு, வயலினையும் இழுத்திருப்பார்.

தொலைபேசிக் கூண்டில் நின்ற அதே ஆள் பின்னால், போரில் ஓய்ந்த விமானங்களைக் குவித்திருக்கும் மைதானத்தில் ஒரு பழைய குண்டுவீச்சு விமானத்தின் மூக்கில் ஏறி உட்காருவான். இன்ஜின்களைக் கழற்றிவிட்டார்கள். இசை மட்டும் இன்ஜின் மாதிரி உறுமி எழும். அவன் நெற்றி வியர்க்கும்.

இதே 1946-இல் ஜான் ஹஸ்டன் ராணுவத்துக்காகவே ஒரு ஆவணப்படம் எடுத்தார், ‘லெட் தேர் பி லைட்’. மனம் உடைந்த நிஜ வீரர்கள், நிஜ மருத்துவமனை. மருந்து ஏற்றியதும் திக்கல் விட்டுப்போய், பேச்சு வந்துவிட்டது என்று ஒரு பையன் கத்தும் இடத்தைப் பார்த்தால் யாருக்கும் தொண்டை அடைக்கும். ராணுவமே எடுக்கச் சொன்ன படத்தை ராணுவமே பூட்டி வைத்தது. பொதுமக்கள் பார்க்க முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது. நோயாளிகளின் அந்தரங்கம் என்று காரணம் சொன்னார்கள். அதுவும் நியாயமான காரணம்தான், ஆனால் ஹஸ்டன் அதைக் கடைசிவரை நம்பவில்லை.

[மறுபடி மழைச் சத்தம். மெல்ல நிற்கிறது.]

தொடக்கத்தில் சொன்ன ஆளிடம் திரும்புவோம். படம், 1987-இல் வந்த ‘எ மன்த் இன் தி கன்ட்ரி’. ஜே. எல். கார் எழுதிய சின்ன நாவல், பேட் ஓ’கானர் இயக்கம். மழையில் வந்து இறங்கியவன் பர்க்கின், இளவயது காலின் ஃபர்த். பிற்பாடு திக்குவாய் ராஜாவாக நடித்து ஆஸ்கர் வாங்கினாரே, அவரேதான். திக்கல் இங்கேயே தொடங்கிவிட்டது.

பர்க்கினுக்கு அந்த ஊரில் வேலை ஒன்று. சர்ச் சுவரில் இடைக்கால ஓவியம் ஒன்று வெள்ளையடிப்புக்குள் புதைந்திருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து கத்தோலிக்கத்தைவிட்டுப் புராட்டஸ்டன்ட் பக்கம் மாறியபோது இப்படி எத்தனையோ சுவர்களைச் சுண்ணாம்பு பூசி மறைத்தார்கள். சாரம் கட்டி, உச்சியில் உட்கார்ந்து, அதைத் துளித் துளியாகச் சுரண்டி எடுக்க வேண்டும். படுக்கை மணிக்கூண்டில். வெளியே புல்வெளியில் மூன் என்று இன்னொருவன், கென்னத் பிரானா. பழைய கல்லறை ஒன்றைத் தேடித் தோண்ட வந்தவன், அவனும் போரிலிருந்து வந்தவன். கூடாரத்துக்கு உள்ளேயும் குழி வெட்டி அதற்குள்தான் படுக்கிறான். தரைமட்டத்துக்கு மேலே படுத்தால் தூக்கம் வராது. பதுங்குகுழிப் பழக்கம்.

இரண்டு பேரும் போரைப்பற்றிப் பேசுவது மொத்தமாகக் கூட்டினால் சில நிமிடம் தேறும். மற்ற நேரமெல்லாம் டீ, வெயில், சுவர். வெள்ளையடிப்புக்குள்ளிருந்து முதலில் ஒரு முகம் வருகிறது. அப்புறம் ஒவ்வொன்றாக நரகத்தில் விழும் மனிதர்கள். உலகம் முடியும் நாளில் கடவுள் எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்வதைக் காட்டும் ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியம். பதுங்குகுழியில் நரகத்தைக் கண்ணால் பார்த்தவன்தான் அந்த ஓவியத்தின்மேல் நானூறு ஆண்டாக ஒட்டியிருந்த சுண்ணாம்பை எடுத்துக்கொண்டிருக்கிறான். படம் இதைச் சொல்லாது. கத்தி சுவரில் உரசும் சத்தத்தைக் கேட்க வைக்கும்.

இந்தப் படத்துக்கும் நல்ல காலம் இல்லை. வெளிவந்து சீக்கிரமே கண்ணில் படாமல் போனது, ஒரு கட்டத்தில் உருப்படியான பிரதி கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது.

கடைசியாக ஒன்று. படம் போகப்போக பர்க்கினின் திக்கல் குறைந்துவிடுகிறது. எந்தக் காட்சியில் குறைந்தது என்று பிடிக்க, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து இரண்டாம் முறை பார்த்தேன். ஸ்டேஷன் மாஸ்டரின் பிள்ளைகளோடு இருக்கும்போதா? பாதிரியாரின் மனைவி ஏணிக்குக் கீழே நின்று பேசும்போதா? ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் திக்கியது, முந்தையதைவிடக் கொஞ்சம் கம்மியாக. நடுவில் ஓவியத்தைப் பார்த்துக்கொண்டே எழுத மறந்துவிட்டேன். நோட்டில் நான்கு வரி இருந்தது.

[சுவரைச் சுரண்டும் சத்தம். திரை வெள்ளை.]