ஆறு மாதம் கழித்து அந்த சைக்கிள் எங்கே?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

சைக்கிள் தானம் என்றால் வரிசையாக நிறுத்தி, மாலை போட்டு, ஒரு போட்டோ எடுத்துச் சாவியைக் கையில் கொடுப்பதோடு முடிந்தது என்றுதான் நினைக்கிறோம். நான் பேச வந்தது ஆறு மாதம் கழித்து அது எங்கே நிற்கிறது என்பதைப் பற்றி. நம் கரையில் எத்தனையோ சைக்கிள்கள் வேலியோரம் டயர் மணலில் புதைந்து நிற்கின்றன. ஒரு பக்கம் உப்புக்காற்று, இன்னொரு பக்கம் கருவேல முள்.

பழைய சைக்கிள்களை வாங்கிப் பழுதுபார்த்துக் கொடுக்கிற எங்கள் குழுவிடம் ஒரு மீன் விற்கிற அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன் சக்கரம் பளிச்சென்று இருக்கிறது, பின்பக்கம் மட்டும் துருப்பிடித்து, செயின் கம்பி மாதிரி விறைத்துக் கிடக்கிறது. கேரியரில் கட்டிய ஐஸ் பெட்டியிலிருந்து மீன் தண்ணீர் தினமும் நேராக ஃப்ரீவீல், அதாவது செயின் மாட்டுகிற பின்சக்கரத்துப் பல்சக்கரம், அதன் மேலேயே சொட்டியிருக்கிறது, பாவம். இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டும் அது அசையவில்லை. கடைசியில், ஃபிரேம் உடைந்து எங்களிடம் வந்திருந்த வேறொரு சைக்கிளிலிருந்து ஃப்ரீவீலைக் கழற்றி மாட்டினோம், பெட்டிக்கு அடியில் பழைய எண்ணெய் கேனை வெட்டிச் சரிவாகக் கட்டிவிட்டோம். மறுநாளே வியாபாரத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அதனால்தான் ஓடாத சைக்கிளையும் கேட்டு வாங்குகிறோம், இரண்டு மூன்றைப் பிரித்தால் ஒன்று உருப்படியாகத் தேறும். நல்ல நிலையில் வருகிற சிலவற்றைக் குறைந்த விலைக்கு விற்று அந்தப் பணத்தில் டயர், ட்யூப், பிரேக் கட்டை வாங்குகிற தொண்டு அமைப்புகளும் உண்டு. தானமாக வந்ததை விற்கலாமா என்று சிலருக்குக் கோபம் வரும். கணக்கைத் திறந்து காட்டினால் தாராளமாக விற்கலாம் என்பது என் கருத்து.

சுனாமிக்குப் பிறகு, 2005-இல் அமெரிக்காவில் தொடங்கிய வேர்ல்டு பைசைக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பு நமக்கு அக்கரையில், இலங்கையில், 20,000-க்கும் அதிகமான சைக்கிள்களைக் கொடுத்தது. அவை புது சைக்கிள்கள். அப்புறம் ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போனபோது, கிராமத்து ஆட்களுக்கே மெக்கானிக் வேலை கற்றுக்கொடுத்து, உதிரி பாகம் கிடைக்கவும் வழி செய்தார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

பெண்களுக்குக் கொடுத்தால் ஓட்டவும் பழக்க வேண்டும். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களை சைக்கிளில் ஏற்றியது. நம் கடல்பாசி எடுக்கிற அக்காமாருக்கும் ஒரு சாயங்கால நேரமும், பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு ஆளும் போதும்.

சரி, மாடிப்படிக்குக் கீழே கிடக்கிற சைக்கிளை இரும்புக்கடைக்குப் போடாதீர்கள். செயின் அறுந்திருந்தாலும் கொண்டுவாருங்கள், ரிம் கோணியிருந்தால் நாங்கள் கோட்டம் எடுத்துக்கொள்கிறோம். பெல்லை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளாதீர்கள், சைக்கிள் கைக்கு வந்ததும் பிள்ளைகள் முதலில் தேடுவது அதைத்தான்.