டிராஃபிக் போலீஸ் காதுதான் மீட்டரா?

வணக்கம் மக்களே. இன்றைக்கு ரைடு இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன். பெங்களூரு அல்சூர் சந்துக்குள் வீடு என்பதால் நடுநடுவே ஹாரன், தள்ளுவண்டிக்காரர் குரல் எல்லாம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பைக் சைலன்சர் சத்தத்தையும் அதைப் பிடிக்கும் சட்டத்தையும் பற்றிப் பேசும் வீடியோதானே, பரவாயில்லை.

மேசை மேல் இரண்டு சைலன்சர் இருக்கின்றன. முதலாவது, ஒரு 150 சிசி கம்யூட்டர் வண்டியோடு வந்த கம்பெனி சைலன்சர். மர்ஃபி டவுனில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் கடையில் துருப்பிடித்துக் கிடந்தது. கேட்டதற்கு, "காயலான் கடைக்குப் போடலாம்னு வச்சிருக்கேன், உனக்கு எதுக்கும்மா இது?" என்றார். வீடியோவுக்கு என்றதும் சிரித்துக்கொண்டே கட்டரை எடுத்து நீளவாக்கில் அறுத்துக் கொடுத்துவிட்டார்.

கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், உள்ளே பாருங்கள். மூன்று அறைகள், அறைக்கும் அறைக்கும் நடுவில் தகடு. எஞ்சினிலிருந்து வரும் புகை நேராக வெளியே போய்விட முடியாது. பின்னறைக்குப் போய் முட்டும், இந்தச் சின்னக் குழாய் வழியாக முன்பக்கம் வரும், மறுபடி திரும்பித்தான் வெளியேறும். இப்படிப் போய்த் திரும்பும் வழியிலேயே சத்தத்தின் அலைகள் ஒன்றோடொன்று மோதிப் பாதிக்கு மேல் அடங்கிவிடும். தகட்டில் அப்படியொரு கரி, தொட்டால் விரலெல்லாம் கறுப்பு.

இரண்டாவது, என் நண்பர் ஒருவர் ஜே.சி. ரோட்டில் வாங்கி மாட்டி, வீட்டில் திட்டு வாங்கிக் கழற்றிப் போட்டது. அறையும் இல்லை, தகடும் இல்லை. பொடி ஓட்டைகள் போட்ட ஒரே நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கிளாஸ் ஊல், அதாவது கண்ணாடி இழைப் பஞ்சு. இந்தப் பக்கம் போன் டார்ச்சைப் பிடிக்கிறேன், அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறது பாருங்கள். வெளிச்சம் போகிற வழியில் சத்தமும் போகும். கிளாஸ் ஊல் புதிதாக இருக்கும்வரை கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். சூட்டில் கருகி, பொடிப்பொடியாக வெளியே போய்விட்டால் மிஞ்சுவது தகரக் குழாய்தான். வாங்கிய புதிதில் "பேஸ் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்ல வைத்த சைலன்சர் நாளாக நாளாகக் காதைக் கிழிப்பது இதனால்தான். வாயில் செருகியிருக்கும், சத்தத்தைக் குறைக்கும் இந்தக் குட்டிக் குழாய்க்குப் பெயர் டிபி கில்லர். ஒரே ஒரு போல்ட். கடையிலேயே அதைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள், வீட்டுக்குப் போனதும் அது டூல் பாக்ஸில் போய்த் தூங்கும்.

பிக்கப் ஏறும் என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். ரேஸ் வண்டியில் ஏறும், உண்மைதான். அங்கே சைலன்சரோடு சேர்த்து எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் அளவையும் மாற்றி டியூன் செய்கிறார்கள். நம் வண்டியில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஈசியூ என்ற குட்டிக் கம்ப்யூட்டரைத் தொடாமல் குழாயை மட்டும் மாற்றினால், பெரும்பாலும் கீழ் ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, இழுவை குறையும். அல்சூர் மார்க்கெட் நெரிசலில் நமக்கு வேண்டியதே அந்தக் கீழ் ஆர்பிஎம் இழுவைதான்! சத்தம் கூடினால் வேகம் கூடியது போல மனதுக்குத் தோன்றும், அவ்வளவுதான். சிலர் ஃபுல் சிஸ்டம் என்று பெண்ட் பைப்போடு சேர்த்து மாற்றும்போது புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் போய்விடுகிறது. அப்புறம் பிஎஸ்-6 புகை விதிப்படி ஓடும் வண்டி என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமே இல்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்கு ஆதங்கம்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, அடுக்கடுக்காக இருக்கிறது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி, ஒவ்வொரு வண்டியிலும் சத்தத்தை முடிந்தவரை குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பிறகு, சத்தம், புகை விதியை மீறிய வண்டியை ஓட்டினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை. ஸ்பாட்டில் கட்டும் தொகையை மாநிலங்கள் குறைத்துக்கொள்ளலாம், கர்நாடகமும் 2019 செப்டம்பரில் பல அபராதங்களைக் குறைத்தது. ஆனாலும் காகிதத்தில் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது.

எத்தனை டெசிபல் என்பதற்கும் கணக்கு உண்டு. 80 சிசி வரை 75, 175 சிசி வரை 77, அதற்கு மேல் எல்லா பைக்குக்கும் 80. ஆனால் இது கம்பெனி வண்டியை விற்பதற்கு முன் பாஸ் பண்ண வேண்டிய டெஸ்ட். திறந்த டிராக்கில், வண்டி ஆக்சிலரேட்டர் கொடுத்துக் கடந்து போக, ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்கிறார்கள். டிரினிட்டி சர்க்கிளில் நிற்கிற கான்ஸ்டபிள் அந்த டிராக்குக்கு எங்கே போவார்? ஏழரை மீட்டர் தள்ளி நின்றால் நடுவில் இரண்டு ஆட்டோவும் ஒரு பிஎம்டிசி பஸ்ஸும் இருக்கும்.

அதனால் நடப்பது என்ன? காதுதான் மீட்டர். "காடி சைடிகெ ஹாக்ரி" (வண்டியை ஓரமா நிறுத்துங்க) என்பார் கன்னடத்தில், குனிந்து சைலன்சரைப் பார்ப்பார், கம்பெனி பெயர் இல்லை என்றால் கேஸ். என் தெருவில் ஒரு தம்பி டெலிவரி ஓட்டுகிறான். அவன் வண்டியின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை, மாற்றக் காசில்லை, அதனால்தான் சத்தம். அவனை நிறுத்தினார்கள், ஒரு நாள் சம்பாத்தியம் போனது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஹெப்பால் மேம்பாலம் ஏறி நந்தி மலைக்குப் பறக்கிற பத்து, பன்னிரண்டு லட்ச ரூபாய் வண்டிகளை அந்த நேரத்தில் யார் நிறுத்துகிறார்கள்? நானும் அந்த ரோட்டில் போகிறவள்தான், கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன். பிடித்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் வீடியோக்கள் பல ஊர்களிலிருந்து வந்தன. பார்க்க ஜோர்தான். அடுத்த வாரம் அதே சைலன்சர் அதே கடையில் அதே கொக்கியில் தொங்கும்.

டெசிபல் கணக்கில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், இதை யாரும் சொல்வதில்லை. 80-க்கும் 90-க்கும் வித்தியாசம் பத்துதானே என்று நினைப்போம். பத்து டெசிபல் கூடினால் சத்தத்தின் ஆற்றல் பத்து மடங்கு. நம் காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். அதாவது, 90 டெசிபல் வண்டி ஒன்று தெருவில் நுழைந்தால், விதிப்படி 80-ல் ஓடும் பத்து வண்டிகள் ஒரே நேரத்தில் நுழைந்த மாதிரி.

இப்போது வீட்டுப் பக்கத்திலிருந்து பாருங்கள். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம், அங்கே பகலில் 50, இரவில் 40. இந்திராநகர் சிஎம்எச் ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரோட்டின் பெயரிலேயே மருத்துவமனை இருக்கிறது. தலைக்கு மேல் மெட்ரோ பாலம், இரண்டு பக்கமும் கட்டடம். சத்தம் மேலே போய்க் கலைவதற்கு வழியே இல்லை, பாலத்தில் பட்டுத் திரும்பக் கீழேதான் வரும். ராத்திரி பதினொரு மணிக்கு அங்கே போய் வேண்டுமென்றே எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சை அணைத்துப் போட்டு "படார்" என்று வெடிக்க வைக்கிறார்கள். பழைய கார்புரேட்டர் வண்டியில் ஓடும்போது ஸ்பார்க்கை நிறுத்தினால் எரியாத பெட்ரோல் காற்றோடு சேர்ந்து சைலன்சருக்குள் போகும். திரும்ப ஸ்பார்க் வந்ததும் அது அங்கேயே வெடிக்கும். இதற்குத் திறமையே தேவையில்லை மக்களே, கட்டைவிரல் இருந்தால் போதும்.

எங்கள் மாடியில் ஒரு அக்கா இருக்கிறார், நர்ஸ். நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் வந்து படுப்பார். "கொசுவுக்குக் கொசுவத்தி இருக்கு, இதுக்கு என்ன பத்தி கொளுத்தறது பாப்பா?" என்று ஒருநாள் கேட்டார். பகலில் தூங்குகிறவர்களுக்குச் சட்டத்தில் 45 கூடக் கிடையாது, 55-தான். ஷிஃப்ட் வேலையில் ஓடும் இந்த ஊரில் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீயும் ரைடரா என்பீர்கள். சத்தம் உயிர் காக்கும் என்கிறார்கள், கார்க்காரன் கண்ணாடியில் பார்க்க மாட்டான், காதிலாவது விழட்டும் என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்த்து இருக்கிறது. நம்மை மோதப்போகிற வண்டி பெரும்பாலும் முன்னால்தான் இருக்கும், எதிரே வந்து திரும்புகிறவன், சந்திலிருந்து நீட்டுகிறவன். அமெரிக்காவில் 1981-ல் வெளிவந்த ஹர்ட் அறிக்கை பைக் விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது, அதிலும் ஆபத்தில் முக்கால்வாசிக்கு மேல் முன்பக்கத்திலிருந்துதான். எதிரே இருப்பவர் கண்ணில் பட வேண்டும் என்றுதான் நம் நாட்டிலும் 2017 ஏப்ரலிலிருந்து ஹெட்லைட் எப்போதும் எரியும்படி வண்டிகள் வருகின்றன. கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பாட்டு வைத்திருக்கும் காருக்குள் உங்கள் சத்தம் போய்ச் சேரும்போது நீங்கள் அவரைத் தாண்டியிருப்பீர்கள். பின்னால் வருகிற ஸ்கூட்டி அக்காவுக்குத்தான் முழுசாகக் கேட்கும்.

அப்புறம் ராயல் என்ஃபீல்டு புல்லட். இதில் எனக்கே பாரபட்சம் உண்டு. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து திருவொற்றியூரில் வேர்விட்ட வண்டி, அந்த "டப் டப்" கேட்டால் நமக்கு ஊர் ஞாபகம் வரும். ஒற்றை சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு. ஐடிலில் நொடிக்கு ஏழெட்டு அடி விழுவதால் காது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடித்துக்கொள்கிறது. அந்த அழகெல்லாம் கம்பெனி சைலன்சரிலேயே இருக்கிறது! இந்தூரி, பஞ்சாப் என்ற பெயரில் விற்கும் சைலன்சர்களை மாட்டும்போது தாளம் போய்விடும், அடி மட்டும் மிஞ்சும். அந்தக் கனமான தாழ்ந்த சத்தம் சுவரையும் சன்னலையும் லேசாகக் கடந்துவிடும், சன்னலைச் சாத்தினாலும் பெரிதாகப் பயனில்லை. யமஹா ஆர்எக்ஸ் 100 காரர்களை இன்றைக்கு விட்டுவிடுகிறேன், 1996-லேயே நிறுத்தப்பட்ட வண்டி, மிச்சமிருப்பதை அவர்கள் பிள்ளை மாதிரி வளர்க்கிறார்கள்.

என்ன செய்யலாம் என்கிறீர்களா? எனக்குத் தோன்றுவது ஒன்றுதான், அளக்க வேண்டும். பெட்ரோல் பங்க் ஓரத்தில் வேன் வைத்திருக்கிறார்களே, பியூசி சென்டர், அங்கே குழாயைச் சைலன்சர் வாய்க்குள் விட்டுப் புகையை அளக்கிறார்கள். அதே வாய்க்குப் பக்கத்தில் ஒரு மைக்கை வைக்க எவ்வளவு நேரமாகும்? வண்டியை நிறுத்தி வைத்து அளக்கும் முறை உலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர், 45 டிகிரி கோணம், குறிப்பிட்ட ஆர்பிஎம். ஐரோப்பிய வண்டிகளில் அந்த எண்ணைத் தகட்டில் பொறித்தே விற்கிறார்கள், போலீஸ் அளந்து ஒப்பிட்டால் போதும். இங்கேயும் புது வண்டியோடு தரும் ஃபார்ம் 22-ல் ஹாரன் சத்தம், ஓடும் சத்தம் இரண்டும் எழுதியிருக்கும். நம்மில் யாராவது அதைப் படித்திருக்கிறோமா? நின்ற நிலைச் சத்தத்தையும் அதில் ஏற்றி, பியூசியில் ஒப்பிட்டால், ஓட்டை சைலன்சர் தம்பிக்கு "மாத்திக்கோ" என்று ஒரு தவணை கிடைக்கும், லட்ச ரூபாய் குழாய் மாட்டியவரும் தப்ப முடியாது.

மும்பை போலீஸ் 2020-ல் செய்தார்களே, ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிக்னல் மறுபடி சிவப்பிலிருந்து ஆரம்பிக்கும்படி. சிரித்தோம், ஆனால் அங்கே அளந்தது ஒரு மீட்டர். யார் முகத்தையும் அது பார்க்கவில்லை.

நேற்று என் வண்டியின் கம்பெனி சைலன்சரையும் இந்த நேர்க்குழாய் சைலன்சரையும் மாற்றி மாற்றி மாட்டி போன் ஆப்பில் அளந்து பார்த்தேன், திரையில் ஓடுகிறது பாருங்கள். ஆப் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், போன் மைக் அதற்கென்று செய்தது இல்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள், பத்துக்கு மேல்.

கடைசியாக ஒன்று, செகண்ட் ஹேண்ட் வண்டி தேடுகிறவர்களுக்கு. ஆர்சி உங்கள் பெயருக்கு மாறிய பிறகு போலீஸ் நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், முன்னாடி இருந்தவர்தான் மாட்டினார் என்று ரோட்டில் நின்று வாதாட முடியாது. சைலன்சரில் கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், பெண்ட் பைப்பில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். மாற்றியிருந்தால், பழைய ஒரிஜினல் சைலன்சரையும் கையில் கொடுத்தால்தான் அட்வான்ஸ் என்று சொல்லிவிடுங்கள். "அது எங்கேயோ கிடக்கும் மேடம்" என்றால், புது சைலன்சர் விலையை ஷோரூமில் கேட்டு, அதை அப்படியே கழித்துப் பேசுங்கள்.