அம்மாயியின் பெயரை எழுதுங்கள்

பெரியோர்களே, இளையவர்களே, வணக்கம்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் எந்த வருடம், எந்த இடம் என்று பலருடைய பத்திரத்தில் ஒரு கட்டம் கேட்கும். தகப்பனார் இங்கே பிறக்காதவரென்றால் அடுத்த கட்டம் பூட்டனாரையும் கேட்கும். அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிற்கிறது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் ஆள்சேர்த்த கங்காணிமார் தமிழ்நாட்டிலிருந்து இந்த நாட்டுத் தோட்டங்களுக்குக் கூட்டிவந்த சனத்தில் எத்தனை பேரிடம் அதற்கு அத்தாட்சி இருந்திருக்கும்? லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள்.

நம்மை அலைக்கழித்த அந்தக் கடதாசிகள்தாம் இன்று முன்னோரைத் தேட உதவுகின்றன. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ்ப் பிரஜாவுரிமை கேட்டவர்கள், 1946 ஜனவரி 1க்கு முன்னர் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது: மணமானவர் 7 வருடம், மணமாகாதவர் 10 வருடம். டிரங்குப் பெட்டியின் அடியில் அந்த விண்ணப்பத்தின் பிரதியோ, தோட்டத்தைவிட்டு விலகும்போது கொடுத்த பழைய பத்துச்சீட்டோ கிடந்தால், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். எந்தத் தோட்டம், எந்தக் காலம் என்ற நூல் அங்கேதான் அகப்படும். பெயர் வேறுமாதிரி இருக்கிறதே என்று தயங்கவும் வேண்டாம். கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் அது.

ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டதெல்லாம் ஆண்வழி. கூடையைச் சுமந்து கொழுந்து பறித்த அம்மாயியை, அம்மாவைப் பெற்றவளை, அது கேட்கவில்லை. ரயில் வருவதற்கு முன், மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைவரை நடந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். கொள்ளைநோயில் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். அவர்களுடைய பெயர்கள் குடும்பத்தின் வாயில்தான் மிச்சம்; இன்றைய கிழவிகளோடு அவையும் போய்விடும். இதை நினைத்தால் எனக்குப் பதைக்கிறது.

அந்தக் கிழவிகளிடம் “சொந்த ஊர் எது?” என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். குலதெய்வம் எது, முதல் மொட்டை எந்தச் சாமிக்கு நேர்ந்தது, அம்மாவைப் பெற்றவள் எந்த ஊர்ப் பேச்சுப் பேசினாள் என்று கேளுங்கள். திருச்சியோ புதுக்கோட்டையோ சேலமோ இராமநாதபுரமோ, அந்தச் சாமியின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஊருக்குப் பக்கத்திலாவது போய்ச் சேரலாம்.

இந்தக் கொழும்பிலே, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும், பிள்ளைகளிடம் தோட்டத்தின் பெயரையே உச்சரிக்காத குடும்பங்கள் இருக்கின்றன. கடைச் சிப்பந்தியாக வந்து, பட்ட ஏளனம் பிள்ளைகளுக்கும் வேண்டாமென்று மறைத்தவர்கள் அவர்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தோட்டத்து வரிசைவீடான லயத்தில் பிறந்ததில் மறைக்க ஒன்றுமில்லை என்று அந்தப் பிள்ளைகளிடம் நாம் உரக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இரு நாட்டுப் பிரதமர்கள் செய்தது, அந்த நாடற்றவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் 1974இல் பாதிப்பாதியாகத் தீர்மானிக்கப்பட்டது. அக்காள் அங்கே, தங்கை இங்கே. ஆகவே உங்கள் கதையின் பாதி நீலகிரியில் இருக்கலாம். கோத்தகிரியிலோ கூடலூரிலோ உள்ள சின்னம்மாவின் தொலைபேசி இலக்கம் உங்கள் அம்மாவிடம் இருந்தால் இந்தக் கிழமையே பேசுங்கள். அவருடைய அம்மாவின் பெயரையும், அந்த அம்மா எந்த ஊரிலிருந்து புறப்பட்டாள் என்பதையும் முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.