கடல் இல்லாத கடற்கரை

(வெளிநாட்டுக்குப் படிக்கச் செல்லவிருக்கும் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் மதுரைக் கல்லூரி ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

விசா, பேங்க் ஸ்டேட்மென்ட், கல்விக் கடன் பற்றியெல்லாம் காலையில் பேசியவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நான் ஒரே ஒரு சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். அந்த நாள் இல்லாமல் போயிருந்தால் இந்த மேடையில் மைக்கைப் பிடித்து நின்றிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

எனக்கு ஊர் சோழவந்தான். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். வைகைக் கரையிலேயே வளர்ந்தேன். இங்கே சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, 2023 செப்டம்பரில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்கிற ஊருக்கு நீர் மேலாண்மை படிக்கப் போனேன். ஒரு வருட முதுகலைப் படிப்பு.

போன முதல் மாதத்தை இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது. யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. எல்லோரும் நன்றாகத்தான் பழகினார்கள். வாயைத் திறந்து எதையும் கேட்க எனக்குத்தான் வரவில்லை. நாங்கள் தங்கியிருந்த வீட்டில் வாஷிங் மெஷின் இருந்தது. எங்கள் வீட்டில் இருந்த மாதிரி மேலே மூடி வைத்த மெஷின் இல்லை. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, வட்டமாக ஒரு திருகு, அதைச் சுற்றி பதினைந்து குறிகள். எதைத் திருப்பினால் எது ஓடும் என்று தெரியவில்லை. பக்கத்து அறையில் நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. ஒரு மாதமாக இரவில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கை கழுவுகிற தொட்டியில் துணி துவைத்தேன். ஹீட்டர் மேல் காயப்போட்ட ஜீன்ஸ் மூன்று நாள் ஆனாலும் காயாது. ஈர வாடையோடு அதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போயிருக்கிறேன்.

வகுப்பிலும் இதே கதைதான். ஆசிரியர் "புரிகிறதா?" என்று கேட்டால் முதலில் ஆடுகிற தலை என்னுடையது. பள்ளியில் முதல் ரேங்க் எடுத்த பிள்ளைகளுக்கு இந்த வியாதி கொஞ்சம் அதிகம். புரியவில்லை என்று சொன்னால், இத்தனை வருடம் சேர்த்து வைத்த பேர் போய்விடும் என்று ஒரு பயம். பெண் பிள்ளை கேள்வி கேட்டால் வாயாடி என்று சொல்லியே நம்மை வளர்த்துவிட்டார்கள், அதுவும் சேர்ந்துகொண்டது. தினமும் மாலை மூன்றரைக்கு, அதாவது நம் ஊரில் இரவு எட்டு மணிக்கு, அம்மா போன் பண்ணுவார். "நல்லா இருக்கேம்மா. சாப்ட்டேம்மா." இந்த இரண்டு வரிக்கு மேல் நான் பேசியதில்லை.

பிரிஸ்டலில் கதீட்ரல் பக்கத்தில் ராஜாராம் மோகன்ராய்க்கு ஒரு சிலை இருக்கிறது. 1830 நவம்பரில் கல்கத்தாவில் கப்பல் ஏறி, 1831 ஏப்ரலில் இங்கிலாந்தில் இறங்கியவர். 1833இல் பிரிஸ்டலிலேயே காலமானார். சமாதியும் அந்த ஊரில்தான் இருக்கிறது. வகுப்பு முடிந்தால் அறைக்குப் போகப் பிடிக்காமல் அந்தச் சிலைக்குப் பக்கத்தில் போய் உட்காருவேன். பேசக்கூட வேண்டாம், நம்ம ஊர் முகம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு ஆறுதல். அவ்வளவு தனியாக இருந்தேன்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். 2023 அக்டோபர் 14. மகாளய அமாவாசை. அம்மா அன்றைக்குக் காலையிலேயே கூப்பிட்டார். "அப்பா திருப்புவனம் போயிருக்காருடி, ஆத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க. அங்க ஒங்க ஊருக்குப் பக்கத்துல கடல் இருக்காமே? ஒரு எட்டு போயி ஆத்தாவ நெனச்சு கால நனச்சுட்டு வா" என்றார். ஆத்தா என்றால் அப்பாவைப் பெற்றவர், என்னைத் தூக்கி வளர்த்தவர். நான் முதன்முதலில் கடலைப் பார்த்தது ஆத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில்தான்.

பிரிஸ்டலிலிருந்து வெஸ்டன்-சூப்பர்-மேர் என்ற கடற்கரை ஊர் ரயிலில் அரை மணி நேரம். டிக்கெட் விலையை நூறால் பெருக்கிப் பார்த்தேன், வயிறு எரிந்தது. ஆனாலும் எடுத்துவிட்டேன். வேலை, படிப்பு, கல்யாணம், கோயில் என்று எந்தக் காரணமும் இல்லாமல், தனியாக, சும்மா ஓர் ஊருக்கு நான் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இருபத்து மூன்று வயதில்.

மதியம் ஒரு மணி போலப் போய்ச் சேர்ந்தேன். கரையோரம் நீண்ட சுவர். கடலுக்குள் கால் நட்டு நிற்கிற பெரிய மேடை ஒன்று. 1904இல் திறந்து, 2008இல் தீப்பிடித்து எரிந்து, 2010இல் திரும்பக் கட்டித் திறந்தது. மணலில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கழுதைகள் வரிசையாக நடக்கின்றன. எல்லாம் இருந்தது, கடலைத்தான் காணவில்லை.

நிஜமாகத்தான் சொல்கிறேன். மணல், அதற்கு அப்பால் பழுப்பாக மினுங்குகிற சேறு, அதற்கும் அப்பால், எங்கேயோ தொலைவில், ஒரு சாம்பல் கோடு. அந்தக் கோடுதான் கடல். தண்ணீர் இல்லாத ஆற்றைப் பார்த்தே வளர்ந்த மதுரைக்காரிக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்கக் கூடாது. ஆனால் ஆற்றில் தண்ணீர் இல்லை என்றால் அணையைத் திறக்கவில்லை என்று புரிந்துகொள்வோம். கடலை யார் அடைத்து வைப்பது?

சுவரில் மஞ்சள் பலகை ஒன்று இருந்தது. பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் எண்கள் நிறைந்த தாள். இரண்டையும் பார்த்தேன், ஆனால் படிக்கவில்லை. ஐஸ்கிரீம் வண்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவரிடமும் கேட்கவில்லை. ஆத்தாவுக்காகக் கால் நனைக்க வந்திருக்கிறோம், தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே நடந்து போகலாம் என்று இறங்கிவிட்டேன்.

மணல் கெட்டியாகத்தான் இருந்தது. பத்து நிமிடம் நடந்திருப்பேன். அப்புறம் அடியெடுத்து வைத்தால் சளக் சளக் என்று சத்தம். இன்னும் கொஞ்சம் போனதும் இடது கால் கணுக்கால் வரை இறங்கியது. அதை இழுக்க வலது காலை ஊன்றினேன். அது முழங்கால் வரை போய்விட்டது. நம் வயலில் நாற்று நடுகிற சேறு தெரியும் இல்லையா, அது காலை விட்டுவிடும். இந்தச் சேறு பிடித்துக்கொள்கிறது. இழுக்க இழுக்க உள்ளே உறிஞ்சுகிறது. "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று சின்ன வயசிலிருந்து ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அன்றைக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் முழங்காலுக்குக் கீழே ஜில்லென்று தெரிந்தது.

அப்போதும் நான் கத்தவில்லை. இதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்றுதான் தோன்றியது.

நல்ல வேளை, பார்த்துவிட்டார்கள். நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு வயதான அம்மா, எழுபது வயதிருக்கும், கெட்டியான மணலின் ஓரத்தில் நின்று சத்தம் போட்டார். "அசையாதே! பின்னாலே சாய்! உட்காருவது மாதிரி சாய்!" சாய்ந்தேன். கோட்டெல்லாம் சேறு. "இப்போது ஒரு காலை மட்டும் மெதுவாக ஆட்டு. அவசரம் வேண்டாம்." காலுக்கும் சேற்றுக்கும் நடுவே தண்ணீர் புகுந்தால்தான் பிடி தளருமாம். ஆட்டி ஆட்டி, ஒரு காலை எடுத்து, தவழ்ந்து, இன்னொரு காலையும் எடுத்தேன். மேலமாசி வீதியில் அப்பா வாங்கித் தந்த ஷூவில் ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது.

அந்த அம்மா என்னைச் சுவரில் உட்கார வைத்து, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். நம்ம பக்கம் பாட்டிமார்கள் "தாயி" என்பார்களே, அந்த ஊரிலும் முன்பின் தெரியாதவர்களை அப்படித்தான் பிரியமாகக் கூப்பிடுகிறார்கள். திட்டவே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சுவரோரம் இவ்வளவு பேர் இருந்தோமே, ஒருத்தரையாவது கேட்டிருக்கலாமே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சேற்றில் மாட்டியபோது வராத அழுகை.

பிறகு கண்ணாடிப் பெட்டியிலிருந்த தாளைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். அது ஓத அட்டவணை, அதாவது கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று குறித்த தாள். பிரிஸ்டல் கால்வாய் என்கிற அந்தக் கடல் பகுதி புனல் மாதிரி. வாய் அகலம், உள்ளே போகப் போகக் குறுகல். அட்லாண்டிக்கிலிருந்து ஏறி வருகிற தண்ணீர் அகலம் குறையக் குறைய உயரமாகிறது. மேல் பக்கத்தில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பதினான்கு மீட்டர் வரை வித்தியாசம் வரும். நாலு மாடிக் கட்டடத்தின் உயரம். உலகத்திலேயே மிகப் பெரிய ஓதங்களில் அது ஒன்று. நம் ராமேஸ்வரத்தில் ஒரு மீட்டர்கூட வராது. அதனால்தான் ஆத்தா கையைப் பிடித்துக்கொண்டு நின்ற கடல் எப்போதும் ஒரே இடத்தில் இருந்தது.

அதிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் தண்ணீர் மிக உயரமாக ஏறும், மிகத் தள்ளியும் போகும். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கிற நாட்கள். அந்தக் கரையில் அந்த நாட்களில் நடுமதியத்தை ஒட்டித்தான் கடல் கடைசி வரை உள்வாங்கும். அமாவாசை என்று காலையில்தான் அம்மா சொல்லியிருந்தார். ஓதம் என்றால் என்ன என்று பள்ளிப் புவியியலில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். நீரைப் பற்றிப் படிக்கத்தான் அந்த நாட்டுக்கே போயிருக்கிறேன். இத்தனையும் கையில் இருந்தது. கேட்கிற பழக்கம் மட்டும் இல்லை.

பக்கத்து ஊரான பர்ன்ஹாமில் இப்படிச் சேற்றில் சிக்குகிறவர்களை மீட்கவே ஹோவர்கிராஃப்ட் வைத்திருக்கிறார்கள் என்றும் அவர் சொன்னார். காற்று மெத்தை மேல் மிதந்து போகிற வண்டி. தூரத்தில் தெரிந்த ஒரு தீவைக் காட்டினார். 1897இல் மார்கோனி கடலைத் தாண்டி முதன்முதலாகக் கம்பியில்லாச் செய்தி அனுப்பியது அந்தத் தீவிலிருந்துதானாம். எனக்குத் தெரியாததை எல்லாம் அன்றைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்தது திறந்துகொண்ட மாதிரி.

பொழுது சாய்கிற நேரத்தில் கடல் திரும்பி வந்தது. அலையடித்துக்கொண்டு வரவில்லை. சத்தமே இல்லாமல், தாம்பாளத்தில் தண்ணீர் பரவுகிற மாதிரி மணலை மூடிக்கொண்டே வந்தது. நான் சிக்கியிருந்த இடம் எப்போதோ மறைந்துவிட்டது. கடையில் ஒரு ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டிருந்தேன். அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சரிவுப் பாதையில் இறங்கி, ஆத்தாவை நினைத்துக் காலை நனைத்தேன். அந்த அம்மா நாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

அன்றிரவு நைஜீரியத் தோழியின் கதவைத் தட்டி, மெஷினை எப்படிப் போடுவது என்று கேட்டேன். "ராத்திரியில் தண்ணீர்ச் சத்தம் வந்ததே, நீ துணி துவைத்ததா அது?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் கூடவே நின்று, சேறு பிடித்த கோட்டைப் போட்டுக் காட்டிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் கையைத் தூக்கினேன். வெள்ள ஓட்டக் கணக்கு ஒன்று. புரியவில்லை என்றேன். ஆசிரியர் முதலிலிருந்து விளக்கினார். அப்போதும் புரியவில்லை. திரும்பவும் கையைத் தூக்கினேன். சேற்றிலிருந்து காலை எடுத்ததைவிட அந்த இரண்டாவது தடவைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முகமெல்லாம் சூடாகிவிட்டது. மூன்றாவது விளக்கத்தில் பிடிபட்டது.

உங்களில் பலருக்கு வீட்டில், ஏஜென்ட் ஆபீஸில், எல்லா இடத்திலும் ஒரே வார்த்தை சொல்லியிருப்பார்கள். "போய்ச் சமாளிச்சுக்க." நான் அதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன். சமாளிக்காதீர்கள், கேளுங்கள். இங்கிலாந்தில் படிப்பு நாட்களில் வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்பதிலிருந்து, மனசு சரியில்லை என்றால் பல்கலைக்கழகத்தில் யாரைப் பார்ப்பது என்பது வரை எல்லாவற்றையும் கேளுங்கள். பெற்றோர்களிடமும் ஒரு வேண்டுகோள். போனில் பிள்ளை "நல்லா இருக்கேன்" என்று சொன்னால், அதோடு விட்டுவிடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள். நான் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அப்பாவிடம் நடந்ததை முழுதாகச் சொன்னேன். அப்பா ஷூவைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ஆத்துல எறங்குறதுன்னாலே கரையில நிக்கிறவன ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் எறங்குவோம். ஒனக்கு அதச் சொல்லிக் குடுக்காம விட்டுட்டேனே தாயி" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கடந்த ஆடி அமாவாசைக்கு அப்பா அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிப் போனேன். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போனது. பக்கத்திலேயே 1914இல் திறந்த பழைய பாலம் சும்மா நின்றது. தர்ப்பணம் முடிந்ததும் கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், இன்றைக்குத் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும், படகு எப்போது தரை தட்டும் என்றெல்லாம் கேட்டேன். அவர் வேலையை விட்டுவிட்டு அரை மணி நேரம் சொன்னார். அப்பா கொஞ்சம் தள்ளி, துண்டைப் பிழிந்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது மானாமதுரை தாண்டியதும் அப்பா மெதுவாகக் கேட்டார். "அந்த நாய்க்கார அம்மா இன்னும் அங்கதான் நடந்துக்கிட்டு இருக்குமா?"

"தெரியலப்பா" என்றேன்.

"ஒரு லெட்டராவது போட்டுக் கேளு" என்றார். அட்ரஸ் வாங்காமல் வந்துவிட்டேன் என்று அதற்கப்புறம்தான் அவரிடம் சொன்னேன்.