ஒரு டாலர் மருந்து

அவையிலுள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

போதைப்பொருள் பற்றிய கூட்டம் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். திரையில் ஒரு மண்டை ஓடு வரும். சீரழிந்துபோன ஒரு பையனின் கதை வரும். கடைசியில் எல்லோரும் கையை நீட்டி உறுதிமொழி எடுத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். இன்றைக்கு அதெல்லாம் வேண்டாம். நான் ஒரு ஜன்னலைப் பற்றிப் பேசப் போகிறேன்.

ஜன்னல் ஹாங்காங்கில் இருக்கிறது. காலை ஏழு மணி. வேலைக்குப் போகும் உடுப்பில் ஒருவர் வந்து, தன் அட்டையைக் காட்டி, ஒரு டாலர் நாணயத்தை வைக்கிறார். ஹாங்காங் டாலர்தான், நம் கணக்கில் பத்துப் பதினோரு ரூபாய். உள்ளே இருப்பவர் பதிவைப் பார்த்து, அவருக்கென்று எழுதியிருக்கும் அளவு மருந்தை ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றித் தருகிறார். அங்கேயே, ஊழியரின் கண்ணெதிரே குடித்தாக வேண்டும். வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே விற்றுவிடக் கூடாது பாருங்கள். குடித்தார், கிளம்பினார், பஸ் பிடிக்கப் போய்விட்டார். எல்லாம் இரண்டு நிமிடம்.

அந்த மருந்துக்குப் பெயர் மெத்தடோன். ஹெராயின் மூளையில் எந்த இடத்தில் போய் உட்காருகிறதோ, இதுவும் அதே இடத்தில்தான் உட்காரும். ஆனால் மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். ஹெராயின் பழகியவருக்கு ஐந்தாறு மணி நேரத்தில் உடம்பு முறுக்கத் தொடங்கிவிடும். மூக்கு ஒழுகும், வயிறு பிசையும், எலும்பெல்லாம் குடையும். அடுத்த பொட்டலத்துக்குக் காசு தேடி ஓட வேண்டியதுதான். மெத்தடோன் ஒரு வேளை குடித்தால் ஒரு முழு நாளைக்குத் தாங்கும். அந்த ஒரு நாளில் மனிதன் வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளியில் விடலாம்.

சரி, இந்த ஜன்னல் அங்கே எப்படி வந்தது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அந்தக் கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு.

ஹாங்காங் 1842-இல் பிரிட்டிஷார் கைக்குப் போனதே அபின் போரால்தான். அந்த அபின் விளைந்தது நம் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும். பாட்னாவிலும் காஜிப்பூரிலும் உருட்டிப் பெட்டியில் அடைத்து, கல்கத்தாவில் ஏலம் விட்டுக் கப்பலேற்றினார்கள். பிறகு ஹாங்காங் அரசே அபின் விற்பனையைத் தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டது. 1918-இல் அந்த அரசின் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபினிலிருந்து வந்தது. இதைக் கேட்டதும் உங்களுக்கு வேறு ஏதாவது கடை ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து 1945-இல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அபின் புகைக்கத் தடை போட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் என்ன ஆயிற்று என்றால், அபினுக்கு நீளமான குழாய் வேண்டும், விளக்கு வேண்டும், படுக்க இடம் வேண்டும், அதன் வாசனை தெரு முழுக்க வீசும். போலீஸ் மோப்பம் பிடித்தே வந்துவிடும். ஹெராயினுக்கு இது எதுவுமே வேண்டாம். ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். 1949-க்குப் பிறகு சீனாவிலிருந்து தப்பி வந்தவர்களோடு, அபினைக் காய்ச்சி ஹெராயின் ஆக்கத் தெரிந்த ஷாங்காய் கைகளும் வந்து சேர்ந்தன. தாய்லாந்துப் பக்கமிருந்து மீன்பிடிப் படகுகளில் சரக்கு வந்தது. பத்துப் பதினைந்து வருடங்களில், அபின் குடித்த ஊர் ஹெராயின் ஊராகிவிட்டது. தடை தவறு என்று நான் சொல்ல வரவில்லை. குடிப்பவனுக்கு என்ன வழி என்று யோசிக்காமல் தடை மட்டும் போட்டதன் விலை அது.

அங்கே ஹெராயினை எடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். மெல்லிய ஈயத்தாளில் பொடியைத் தூவி அடியில் தீக்குச்சியைக் காட்டுவார்கள். பொடி உருகிப் பழுப்புச் சொட்டாகித் தாளின் மேல் அங்குமிங்கும் ஓடும். அதிலிருந்து புகை வாலைப் போல நெளிந்து எழும். வாயில் ஒரு சின்னக் குழாயை வைத்துக்கொண்டு அந்தப் புகையின் பின்னாலேயே போய் உறிஞ்ச வேண்டும். 'டிராகனைத் துரத்துவது' என்று அதற்குப் பெயர். குழாய்க்குப் பதில் தீப்பெட்டியின் மேலுறையை வைத்து உறிஞ்சினால் 'மவுத் ஆர்கன் வாசிப்பது'. பெயர் வைப்பதில் மட்டும் எந்த ஊர்க்காரரும் சளைத்தவர் இல்லை.

அரசு முதலில் செய்தது நாம் எல்லோரும் செய்வதுதான்: பிடி, அடை. 1950-களின் கடைசியில் டாய் லாம் சிறையில் போதை அடிமைகளுக்குத் தனிச் சிகிச்சை ஆரம்பித்தார்கள். 1963-இல் ஷெக் க்வூ சாவ் என்ற சின்னத் தீவில் ஒரு தொண்டு அமைப்பு மறுவாழ்வு மையம் திறந்தது. ஆண்கள் தாங்களே விரும்பிப் போய்ச் சேரும் இடம். பாதை போடுவதும் கட்டடம் கட்டுவதும் அவர்கள் கையாலேயே நடந்தது. இன்னொரு தீவு ஹெய் லிங் சாவ். அது முதலில் தொழுநோயாளிகளை வைத்திருந்த தீவு. 1975-இல் அதைப் போதை அடிமைகளுக்கான மையமாக மாற்றினார்கள். ஒரு நோயாளியைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவைத்த இடம், அந்த நோயாளி போனதும் அடுத்தவனுக்குத் தயாராக இருந்திருக்கிறது. இந்தத் தீவுகளைக் குறை சொல்லவில்லை. எத்தனையோ பேர் அங்கே தேறி வந்தார்கள். ஆனால் 1970-களில் அந்த ஊரில் ஒரு லட்சம் பேர் வரை ஹெராயின் எடுப்பதாக மதிப்பிட்டார்கள். ஒரு லட்சம் பேருக்குத் தீவு எங்கே இருக்கிறது?

அப்போதுதான் 1972-இல் ஒரு சோதனை ஆரம்பித்தது. நியூயார்க்கில் மெத்தடோன் திட்டத்தை நடத்திய மருத்துவர் ராபர்ட் நியூமன் இதில் முக்கியமானவர். ஹெராயின் அடிமைகள் 100 பேர். எல்லோரையும் மருத்துவமனையில் வைத்து 60 மில்லிகிராம் மெத்தடோனில் நிலைப்படுத்தினார்கள். அதன் பிறகு பாதிப் பேருக்கு மெத்தடோன் தொடர்ந்தது. மீதிப் பாதிக்கு, அவர்களுக்கே தெரியாமல், தினம் ஒரு மில்லிகிராம் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் மருந்தே இல்லாத வெறும் திரவம் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று மருந்து தருபவருக்கும் தெரியாது. 32 வாரம் கழித்துப் பார்த்தால், மெத்தடோன் குடித்தவர்களில் 100-க்கு 76 பேர் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். வெறும் திரவம் குடித்தவர்களில் 100-க்கு 10 பேர்தான். மூன்று வருடம் கழித்து 56, 2. 1979-இல் இது வெளியானது. ஒரு தரப்புக்கு மருந்தை நிறுத்திப் பார்த்தது சரியா என்று இன்றைக்குக் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். ஆனால் 'மனசு வைத்தால் விட்டுவிடலாம்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோமே, அந்த வாக்கியத்தை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதற்கிடையில் இன்னொரு பக்கம் போலீஸ் வேலையும் சூடு பிடித்தது. 1974-இல் ஊழல் தடுப்புக்கென்று தனி ஆணையம் வந்தது. அந்த வருடமே பெரிய ஹெராயின் வியாபாரி இங் சிக்-ஹோ பிடிபட்டார், அடுத்த வருடம் 30 ஆண்டு தண்டனை. தெருவில் சரக்கு குறைந்தது, விலை ஏறியது. விலை ஏறினால் விட்டுவிடுவார்கள் என்பது நம் ஆசை. பலர் புகைப்பதிலிருந்து ஊசிக்குப் போனார்கள். ஊசியில் கொஞ்சம் சரக்கே போதும், வீணாகாது. அந்த நேரத்தில்தான் அரசு மெத்தடோன் மையங்களை ஊர் முழுக்கத் திறந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த ஏற்பாடுதான். புதிதாகக் கட்டடம் கட்டி, திறப்பு விழா வைத்து, கல்வெட்டு பதித்து என்று காத்திருக்கவில்லை. பகலில் காய்ச்சல், சளிக்கு மருந்து தரும் சாதாரண வெளிநோயாளர் மையம் சாயங்காலம் மூடுகிறதல்லவா, பல இடங்களில் அதே கட்டடத்தில் மாலையில் மெத்தடோன் கொடுத்தார்கள். துணை மருத்துவச் சேவை என்று ஒரு தன்னார்வப் படை அங்கே உண்டு. பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். அவர்களே ஜன்னலில் உட்கார்ந்தார்கள். இவை தவிர இருந்த பகல் மையங்கள் காலை 7 மணியிலிருந்து இரவு 10 மணி வரை. லீவு நாள் கிடையாது. ஷிப்டு முடிந்து வருபவனுக்கும் ஜன்னல் திறந்திருக்கும். போதைப்பொருள் எத்தனை மணிக்குக் கிடைக்கிறதோ, அதற்குக் கிட்டத்தட்ட அத்தனை மணிக்குச் சிகிச்சையும் கிடைத்தது.

ஊர் சின்னது என்பதும் உதவியது. ஹாங்காங்கின் பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சின்னது. அதற்குள் இன்றைக்கு 75 லட்சம் பேர். எந்தத் தெருவில் மையம் வைத்தாலும் பக்கத்தில் நோயாளி இருப்பார். 'எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் வேண்டாம்' என்று சொல்ல அக்கம்பக்கத்தாரும் இருப்பார்கள். அது வேறு கதை.

இதன் பலன் பத்து வருடம் கழித்து, யாரும் எதிர்பாராத இடத்தில் தெரிந்தது. எச்.ஐ.வி. வந்தது. மணிப்பூரில் 1989 வரை போதை ஊசி போட்டுக்கொள்பவர்களிடம் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்படவில்லை. 1990-இல் சில மாதங்களுக்குள் பாதிப் பேருக்குப் பரவியிருந்தது. பாங்காக்கில் 1988-இல் இதேபோல் காட்டுத்தீயாகப் பற்றியது. ஹாங்காங்கில் அப்படி நடக்கவில்லை. 2004 முதல் மெத்தடோன் மையங்களுக்கு வரும் எல்லோருக்கும் சிறுநீரை வைத்து எச்.ஐ.வி. சோதனை செய்கிறார்கள். தொற்று உள்ளவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. எல்லாப் புகழும் மெத்தடோனுக்கே என்று சொல்ல மாட்டேன். டிராகனைத் துரத்துபவர்களுக்கு ஊசி தேவையில்லை என்பதும் ஒரு காரணம். ஆனால் ஆயிரக்கணக்கானோர் தினமும் ஒரு ஜன்னலுக்கு வந்து போனார்கள், அங்கே ஒருவர் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசினார் என்பது சின்ன விஷயமில்லை.

குறையும் உண்டு. எச்.ஐ.வி.யிடமிருந்து ஊர் தப்பியது, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி-யிடமிருந்து தப்பவில்லை. ஊசி போட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது இருந்தது. அது எச்.ஐ.வி.யைவிட வேகமாக ரத்தத்தில் தொற்றும். அப்புறம், 'ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொரு போதையைக் கொடுக்கிறீர்களே' என்ற கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை உண்டு. நியாயமான கேள்வி. சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் மாதிரி என்று மருத்துவர்கள் பதில் சொல்வார்கள். எனக்கு அந்த உவமை முழுதாக ஒட்டவில்லை. இன்சுலினை யாரும் கண்ணெதிரே போட்டுக்கொள்ளச் சொல்வதில்லை. கேள்வி கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வெறும் திரவம் குடித்தவர்களில் வராமல்போன அந்த 100-க்கு 98 பேர் எங்கே போனார்கள்?

2000-க்குப் பிறகு ஆட்டம் மாறியது. பிள்ளைகள் ஹெராயினைத் தொடவில்லை. அது கிழவர்கள் சமாச்சாரம். கெட்டமைன் வந்தது. அறுவைச் சிகிச்சையில் மயக்கத்துக்குத் தரும் மருந்து. எல்லை தாண்டி ஷென்ஜென் போய் விடிய விடிய ஆடிவிட்டு வருவார்கள். 2007 வாக்கில் ஹாங்காங் மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். இருபது வயதுப் பிள்ளைகள் எண்பது வயதுக்காரர்போல வந்து நிற்கிறார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சிறுநீர், வலி, ரத்தம். கெட்டமைன் சிறுநீர்ப்பையைச் சுருக்கிவிட்டிருந்தது. உலகத்தில் இதை முதலில் பதிவு செய்தவர்களில் அவர்களும் உண்டு.

கெட்டமைனுக்கு மெத்தடோன் மாதிரி மாற்று மருந்து கிடையாது. ஜன்னலுக்கு வரவேண்டிய கட்டாயமும் இல்லை. பையன் வீட்டில், தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு எடுக்கிறான். ஹாங்காங்கில் 1972 முதலே போதை எடுப்பவர்களைப் பற்றிய மையப் பதிவேடு ஒன்று உண்டு. அதில் ஒரு கணக்கு இருக்கிறது: முதலில் போதை எடுத்த நாளிலிருந்து யாருடைய கண்ணிலாவது படும்வரை எத்தனை வருடம்? 2008-இல் சுமார் 2 வருடமாக இருந்தது, 2013-இல் 4 வருடத்துக்கும் மேலானது. மொத்த எண்ணிக்கை குறைகிறது என்று அதிகாரிகள் காட்டும் படத்தோடு இந்த எண்ணையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது வந்திருப்பது எடோமிடேட். அதுவும் மயக்க மருந்துதான். திரவமாக்கி மின்சிகரெட்டில் ஊற்றி 'ஸ்பேஸ் ஆயில்' என்று விற்கிறார்கள். 2025 பிப்ரவரி 14 அன்று அதை ஆபத்தான போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தார்கள். வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, கடத்தினால் ஆயுள் தண்டனைவரை போகலாம். தடை வேகமாக வந்துவிட்டது, 1945 மாதிரியே.

மெத்தடோன் ஜன்னல் இன்னும் காலை ஏழு மணிக்குத் திறக்கிறது. கட்டணம் இன்னும் ஒரு டாலர்தான். வரிசையில் நிற்பவர்களில் பலருக்குத் தலை நரைத்துவிட்டது. பள்ளிக் கழிப்பறையில் மின்சிகரெட் இழுக்கும் பிள்ளைக்குக் கொடுக்க அந்த ஜன்னலில் எதுவும் இல்லை. அவனுக்கான ஜன்னலை எங்கே வைப்பது என்று அங்கே இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மைக் அந்தப் பக்கம் போகட்டும்.