பெட்டாடைனா, குளோர்ஹெக்சிடினா?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது வயிற்றில் பழுப்பு நிற பெட்டாடைன் தடவினார்கள். என் தங்கையின் சிசேரியனுக்குக் குளோர்ஹெக்சிடின் என்றார்கள். தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிக்காமல் இருக்க எது நல்லது, டாக்டர்?"

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி! இரண்டுமே கத்தி வைப்பதற்கு முன் தோலில் உள்ள கிருமிகளைக் கொல்லத் தடவும் மருந்துகள். 2010இல் அமெரிக்காவில் 6 மருத்துவமனைகளில் இரண்டையும் ஒப்பிட்டார்கள். பெட்டாடைன் வகை மருந்து தடவியவர்களில் 16.1 சதவீதம் பேருக்குத் தொற்று. குளோர்ஹெக்சிடின் தடவியவர்களில் 9.5 சதவீதம்தான். கதை முடிந்தது என்று பலர் நினைத்துவிட்டார்கள். ஆனால் குளோர்ஹெக்சிடின் 70 சதவீத ஆல்கஹாலில் கலந்திருந்தது. பெட்டாடைன் வெறும் தண்ணீரில். ஒருவனைச் சைக்கிளில் ஏற்றிவிட்டு, இன்னொருவனை நடக்கவிட்டு, யார் கால் பலமானது என்று கேட்பதா?

கை சுத்தம் பற்றிப் பேசியபோதே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்: ஆல்கஹாலை மறக்காதீர்கள். கிருமிகளைச் சட்டென்று கொல்வது அதுதான். அது ஆவியான பிறகு தோலில் தங்கிக் காவல் காப்பது மற்ற மருந்து. 2024இல் சுவிட்சர்லாந்தில் இரண்டையுமே ஆல்கஹாலில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். இதய, வயிற்று ஆபரேஷன்களில் தொற்று பெட்டாடைன் வகையில் 5.1, குளோர்ஹெக்சிடினில் 5.5 சதவீதம், வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். சிசேரியனில் மட்டும், 2016இல் வந்த அமெரிக்க ஆய்வில், இரண்டிலும் ஆல்கஹால் இருந்தும் குளோர்ஹெக்சிடின் முந்தியது: 4 சதவீதம், மற்றதில் 7.3. ஆகவே உங்கள் தங்கைக்குச் செய்தது சரியான தேர்வு.

ஆனால் என்னைத் தூங்கவிடாத ஆய்வு வேறு. இந்தியா உட்பட 7 நாடுகளில், 54 மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளிவந்தது. வயிற்று ஆபரேஷன்கள். ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினும் தண்ணீரில் கலந்த பெட்டாடைன் வகையும் அங்கே ஏறக்குறைய சமமாகவே நின்றன. நூற்றுக்கு 22 பேருக்குத் தொற்று! மருந்தை மாற்றினால் மட்டும் போதாது என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

அதனால் நீங்கள் கேட்காத இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தடவிய மருந்து காய்ந்ததா? ஆல்கஹால் கலந்தது என்றால், முடியில்லாத தோலில் குறைந்தது 3 நிமிடம் விட வேண்டும். ஈரம் காயாமல், ரத்தக்கசிவை நிறுத்த மின்கருவியால் சுட்டால் தீப்பிடிக்கலாம். வேலை செய்யவும் மருந்துக்கு நேரம் வேண்டும். அடுத்தது, முடியை எப்படி எடுத்தார்கள்? பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடுகிறது. கிருமிகள் குடியேறுவது அங்கேதான். தேவைப்பட்டால் கிளிப்பரால், அதாவது முடி வெட்டும் இயந்திரத்தால், எடுக்கலாம், இல்லையென்றால் முடியை விட்டுவிடலாம்.

ஆபரேஷனுக்கு முந்தின இரவு வீட்டில் நீங்களாகவே சவரம் செய்துகொண்டு வராதீர்கள், அம்மா, ஐயா. குளித்துவிட்டு வாருங்கள். எந்த மருந்தாவது முன்பு உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், அதை மருந்து தடவுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.